ராஜா வந்தா மட்டும் தண்ணீர் வரும்! வெர்சாய் அரண்மனை தோட்டத்தின் ‘விசில்’ ரகசியம் தெரியுமா?

பாரிஸ் டூர் போறவங்க லிஸ்ட்டில் தவறாமல் இருக்கும் பெயர், வெர்சாய் அரண்மனை. பாரிஸிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரம்தான். முதல் உலகப் போருக்குப் பின், 1919-ல் ‘வெர்செயில்ஸ் உடன்படிக்கை’ கையெழுத்தானதுன்னு ஸ்கூலில் படிச்சோமே, அது இங்கேதான்.

அரண்மனையில் என்ன ஸ்பெஷல்?

13-ம் லூயி 1623-ல் கட்டிய சின்ன வேட்டை விடுதிதான் ஆரம்பம். அவருடைய மகன் 14-ம் லூயி அதை பிரமாண்ட அரண்மனையாக்கி, 1682-ல் அரசவையையே இங்கே மாற்றினார். 73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தில் மட்டும் 357 கண்ணாடிகள் இருக்கின்றன.

விசில் எதுக்கு?

தோட்டத்தை வடிவமைத்தவர் ஆந்த்ரே லு நோத்ர். நூற்றுக்கணக்கான நீரூற்றுகள் வைத்தாச்சு, ஆனா பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. சேன் நதித் தண்ணீரை மேலே ஏற்ற, 14 ராட்சத சக்கரங்கள் கொண்ட மார்லி இயந்திரம் 1684-ல் இயங்கத் தொடங்கியது. அதுவும் போதவில்லை. அதனால் ராஜா நடந்து வரும்போது ஊழியர்கள் விசில் அடிப்பார்கள். அவருக்கு முன்னால் உள்ள நீரூற்று திறக்கும், அவர் கடந்ததும் மூடிவிடும்.

உயிரைக் குடித்த கால்வாய்

1685-ல் யூர் ஆற்றையே திருப்பிவிட ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் வேலைக்கு இறக்கப்பட்டனர். காய்ச்சலில் பலர் இறந்தனர். 1688-ல் போர் வந்ததும் வேலை நின்றுபோனது. பாதியில் விட்ட நீர்ப்பாலம் மாந்தனோன் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது.

ரொட்டி கேட்டு வந்த கூட்டம்

1789 அக்டோபரில், ரொட்டிக்குத் தவித்த பெண்கள் பாரிஸிலிருந்து இங்கே நடந்தே வந்தனர். 16-ம் லூயி குடும்பத்தோடு பாரிஸ் அழைத்துச் செல்லப்பட்டார். அதன்பின் அவர் வெர்சாய் திரும்பவே இல்லை.

போறதுக்கு முன்னாடி இதை கவனிங்க

* பாரிஸிலிருந்து ஆர்.இ.ஆர். ‘சி’ ரயிலில் ‘வெர்சாய் ஷாட்டோ ரிவ் கோஷ்’ ஸ்டேஷனில் இறங்கணும். அங்கிருந்து நடந்தே போகலாம்.
* திங்கட்கிழமை அரண்மனைக்கு லீவு.
* நேரம் குறிப்பிட்ட டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துடுங்க.
* நீரூற்று ஷோ நடக்கும் நாட்களில் தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. மற்ற நாட்களில், குறிப்பாக குளிர்காலத்தில், தோட்டம் இலவசம்.
* தோட்டமும் பூங்காவும் சேர்த்து சுமார் 800 ஹெக்டேர். அரை நாளாவது ஒதுக்குங்க, நடக்க வசதியான ஷூ முக்கியம்.

நீரூற்றுகள் இன்றும் எல்லா நேரமும் ஓடாது. அதனால் ஷோ டைமிங் பார்த்துட்டு கிளம்புங்க. ஒரே வித்தியாசம், இப்போ தண்ணீர் வர ராஜா வரணும்னு அவசியமில்லை!