கழிவைத் தீனியாக்கும் புழு: கோழிப்பண்ணையிலிருந்து ஊவா மலை வரை

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் புழு என்றால் அழிக்கப்பட வேண்டியது. தேயிலை இலைகளைப் பிணைத்துத் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. உயிரியல் கட்டுப்பாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. கழிவைத் தின்று வளரும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவை ஆராயத் தூண்டியதும் பூச்சிக் கட்டுப்பாடுதான்.

அமெரிக்கக் கோழிப்பண்ணைகளில் முதலில் எழுந்த கேள்வி வீட்டு ஈயை ஒழிப்பது எப்படி என்பதே. சிப்பாய் ஈயின் புழு மலிந்த எருவில் வீட்டு ஈ பெருகுவதில்லை என்று 1959இல் ஃபர்மன் குழுவினர் எழுதினர். உலர்த்திய புழுவை 1973இல் ஹேல் கோழிக்கும், 1977இல் நியூட்டன் குழுவினர் பன்றிக்கும் தீனியாகச் சோதித்தனர். ஜார்ஜியா மாநிலத்தின் கிரெய்க் ஷெப்பர்ட் 1994இல் இரண்டையும் ஒரே முறையாக்கினார்: எரு பாதியாகக் குறைந்தது; கிடைத்த புழுவில் 42 சதவீதம் புரதமும் 35 சதவீதம் கொழுப்பும் இருந்தன. முதிர்ந்த புழு தின்பதை நிறுத்திக் கறுத்து, உலர்ந்த இடம் தேடித் தானே ஊர்ந்து வெளியேறும். தொட்டியோரம் ஒரு சரிவுப் பலகையை வைத்தால், அதில் ஏறி மறுபக்க வாளியில் விழுந்துவிடும். பொறுக்கி எடுக்க ஆள் தேவையில்லை. ஏழைக் குடும்பங்களுக்கும் இம்முறை எட்டும் என நான் நம்புவதற்கு இதுவே முதற்காரணம்.

ஊவாவுக்கு நெருக்கமான ஆய்வு 1990இல் வந்தது. லார்டே என்பவர் எல் சால்வடோரில் கோப்பிப் பழத்தோலில் இந்தப் புழுவை வளர்த்தார். அதே ஈரத்தோல் ஊவாவின் கோப்பித் தோட்டங்களிலும் ஒருகாலத்தில் குவிந்தது. 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. பயிரோடு கழிவும் மாறியது. தேயிலைத் தொழிற்சாலை கழிப்பது உலர்ந்த தூசும் நாரும். புழுவுக்கு ஈரத்தீனி வேண்டும். ஆகவே ஊவாவில் தேட வேண்டிய இடம் தொழிற்சாலை அல்ல. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் போன்ற மரக்கறிச் சந்தைகளும் தோட்டத்து மாட்டுத்தொழுவங்களும்தான்.

2017இல் சுவிட்சர்லாந்தின் ஏவாக் நிறுவனம் நகரக் கழிவுக்கான கைநூலை வெளியிட்டது. ஐந்து நாள் வயதுப் புழுக்களைக் கழிவில் விட்டு, 12 நாளில் அறுவடை செய்வது அதன் முறை. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் மீன் தீனியிலும், 2021இல் கோழி, பன்றித் தீனியிலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது.

ஏவாக் கைநூலின் முறையை அப்படியே ஊவா மலையிலுள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. இந்த ஈக்கு 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. இணை சேர நல்ல வெயிலும் வேண்டும். வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் நீடிக்கும் மாதங்களில் மலையில் அந்த வெயிலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கூட்டமாகத் தின்னும் புழுக்கள் தங்களுக்கான சூட்டை ஓரளவு தாமே உண்டாக்கும். ஈ வளர்ப்பைப் பதுளை மாவட்டத்திலேயே தாழ்வான, வெப்பமான மஹியங்கனையில் வைத்து, ஐந்து நாள் புழுக்களை மட்டும் மலைக்கு அனுப்பலாம் என்பது என் முடிவு. சந்தைக் கழிவை எடுக்குமுன் அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ளதா எனச் சோதிப்பது கட்டாயம். புழு அந்த உலோகத்தை உடலில் சேர்த்து வைக்கும். முதற் சோதனையை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் பத்துக் கோழி வளர்த்துத் தீனி விலையைச் சுமக்கும் பெண்களின் கையில் கொடுக்க வேண்டும்.