எழுத்தறியா வாக்காளரும் வாக்குப்பெட்டியும்

கணினித் துறையில் இடைமுகம் எனப்படுவது, ஒரு கருவி உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாதவரும் அதனைப் பயன்படுத்துவதற்காகக் காண்கிற, தொடுகிற, அழுத்துகிற பகுதியாகும். இந்தியாவில் அப்படியொரு பகுதியை மாபெரும் மக்கள்திரளுக்காக முதன்முதலில் வடிவமைக்க நேர்ந்தவர்கள் தேர்தல் அலுவலர்களே. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினராக மட்டுமே இருந்த நாட்டில், 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் விருப்பத்தை மறைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் பெறுவது எவ்வாறு என்ற கேள்வி, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன் நின்றது. படிக்கக் கற்றவருக்கே வாக்கு என்று வரம்பிடாமல், படிக்காதவரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ப முறையை அமைக்கும் சுமையை அரசே ஏற்றது முதல் பொதுத்தேர்தலின் தனிப்பெருமை.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட இலங்கையில், 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர்கள் வண்ணங்களால் அடையாளம் காட்டப்பட்டனர். சொத்து முதலிய தகுதிகளால் வாக்குரிமை சுருக்கப்பட்டிருந்த சென்னை மாகாணத்தில், 1937இல் காங்கிரஸுக்கு வாக்குக் கேட்டவர்கள் கேட்டது மஞ்சள் பெட்டிக்கான வாக்கையே. ஆயினும் ஒன்றோடொன்று மயங்காத வண்ணங்கள் சிலவே என்பதாலும், நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தொகுதிகளில் பற்பல கட்சிகளும் சுயேச்சைகளும் போட்டியிட முன்வந்ததாலும், வண்ணம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

1951–52 பொதுத்தேர்தலில் வண்ணத்தின் இடத்தைச் சின்னம் பெற்றது. காங்கிரஸுக்கு நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளைகள், சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆலமரம், பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிர் அரிவாள், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, ஜனசங்கத்துக்கு விளக்கு, அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை என, சிற்றூரில் வாழும் எவரும் ஒரு பார்வையில் அறியக்கூடிய உருவங்களே வழங்கப்பட்டன; பசு, கோயில், தேசியக்கொடி, இராட்டை போன்றவை சமய உணர்வையோ வேறு பற்றையோ தூண்டக்கூடும் என்பதால் விலக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டது. ஒரு ரூபாய்த் தாளின் அளவே இருந்த வாக்குச்சீட்டில் எவருடைய பெயரும் இல்லை. வாக்காளர் திரைமறைவில் சென்று, தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் அதனை இட்டாலே போதும், எழுதுகோலைத் தொடவும் வேண்டியதில்லை.

எனினும் இந்தக் கரிசனம் எல்லாவிடத்தும் ஒரே அளவில் நீளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அயலாரிடம் தம் பெயரைச் சொல்லாத வழக்கமுடைய வட இந்தியப் பெண்கள் பலர் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பட்டியலில் பதியப்பட்டிருந்தனர். சொந்தப் பெயர் தராதவர்களை நீக்குமாறு சென் பணித்ததால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்கிழந்தனர். அவருடைய கண்டிப்பு பின்வந்த தேர்தல்களில் பெண்கள் தம் பெயரால் பதிவாக வழிவகுத்தது உண்மையே. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் அந்தப் பெண்களே.

தனிப்பெட்டி முறையின் எளிமைக்குள்ளேயே அதன் குறையும் இருந்தது. குறியிடப்படாத சீட்டு யாருக்கு என்பதை அது விழுந்த பெட்டி மட்டுமே காட்டியதால், அதனைப் பெட்டியில் இடாமல் வெளியே கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்துவிட முடிந்தது; வேட்பாளர் பெருகப் பெருகப் பெட்டிகளும் பெருகின. ஆகவே 1962 பொதுத்தேர்தலில், பெயர்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்திப் பொதுவான பெட்டியில் இடும் முறை நடைமுறைக்கு வந்தது. முத்திரையின் உருவத்திலும் நுட்பமான சிந்தனை தெரிகிறது: சீட்டை மடிக்கும்போது ஈரமை வேறொரு வேட்பாளரின் கட்டத்தில் படிந்துவிட்டால் வாக்கு யாருக்கு என்ற குழப்பம் எழும் என்பதால், கைகள் ஒரே திசையில் சுழல்வது போன்ற குறுக்குக் குறி பயன்படுத்தப்பட்டது. மடிப்பால் பதிந்த தடத்தில் அந்தச் சுழற்சி எதிர்த்திசையில் அமைவதால், எண்ணுவோர் உண்மைப் பதிவைப் பிரித்தறிய முடிந்தது.

சீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1996இல் கண்டது. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தம் குறைகளை உணர்த்தத் திரண்டு வேட்புமனுத் தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றனர்; வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது.

மின்னணு இயந்திரம் இதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 1982இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தபின், 1989இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆகிய அரசு நிறுவனங்கள் தயாரித்த இந்த இயந்திரத்தின் புறவடிவமைப்பில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த ஏ.ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோர் பங்காற்றினர். பழைய சீட்டின் முகம் இதில் மாறவில்லை: அதே பெயர் வரிசை, அதே சின்னம், அதன் அருகில் ஒரு சிறு விளக்கும் நீலப் பொத்தானும். முத்திரை குத்தப் பழகிய கை பொத்தானை அழுத்தினால் விளக்கு சிவப்பாக ஒளிர்கிறது, நீண்ட ஒலி எழுகிறது. வாக்குச்சாவடி அலுவலர் மீண்டும் இசைவு தரும்வரை அடுத்த அழுத்தம் பதிவாவதில்லை. 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுமையாகவும், 2004இல் மக்களவைத் தேர்தல் நாடு முழுவதும் இந்த இயந்திரங்களைக் கொண்டே நடைபெற்றன.

ஆனால் தாம் இட்ட சீட்டு பெட்டிக்குள் விழுவதைக் கண்ட வாக்காளரிடமிருந்து, அந்தக் காட்சியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. விளக்கும் ஒலியும் அழுத்தம் ஏற்கப்பட்டதைச் சொல்லுமேயன்றி, எது பதிந்தது என்பதைக் காட்டுவதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய 2013இல் நாகாலாந்தின் நொக்சென் தொகுதி இடைத்தேர்தலில் அறிமுகமான அச்சுப்பொறி, வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை கொண்ட சிறு தாளைக் கண்ணாடிக்குப் பின் 7 விநாடிகள் காட்டிவிட்டு உள்ளே விழச்செய்கிறது. படிக்கத் தெரியாத வாக்காளர் தம் வாக்கைத் தாமே சரிபார்க்க, அந்தத் தாளிலும் அவருக்கு உதவுவது சின்னமே.