பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தேர்தல்கள்: 1996–2006

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தபின் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் எவரும் நிலைத்து உட்காரவில்லை.

இதை வாக்காளர்களின் அக்கறையின்மை என்று எழுதிவிட முடியாது. மதுரை மாவட்டத்து மூன்று ஊர்களும் உசிலம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்தவை. பிரமலைக் கள்ளர்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வட்டாரம் அரசியலில் சூடு குறையாதது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பின்னர் அச்சட்டத்தை நீக்கக் கோரிய போராட்டத்தில் முத்துராமலிங்கத் தேவர் முன்னின்றார். சென்னை மாகாணத்தில் அது 1947-இல் நீங்கியது. அந்த நன்றியுணர்வே அவரது கட்சியான ஃபார்வர்டு பிளாக்கின் சிங்கச் சின்னத்துக்கு வாக்காகத் திரண்டது. அக்கட்சித் தலைவர் பி.கே. மூக்கையாத் தேவர் உசிலம்பட்டியில் பலமுறை வென்றார். ஊர் கூடிப் பேசி ஒரே பக்கம் நிற்பது இங்கே பழகிய வழக்கம். ஒரு காலத்தில் அரசின் அடக்குமுறையை எதிர்க்கத் துணைநின்ற அதே ஒற்றுமை, 1996-க்குப் பின் தலித்துகளின் உரிமையை மறிக்கும் கருவியாயிற்று.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே கட்சித் தலைமையின் சொல்லைவிட ஊரின் சொல்லே இங்கே எடுபட்டது. எதிர்ப்பு இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று, யாரும் வேட்புமனுத் தாக்கல் செய்யாமல் பார்த்துக்கொள்வது. மற்றொன்று இன்னும் நுட்பமானது: ஊர்ப் பெரியவர்கள் தங்களை மீறாத ஒரு தலித்தை நிறுத்துவார்கள், அவர் வென்று பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்துவிடுவார். தேர்தல் நடந்ததாகக் கணக்கும் இருக்கும், தலைவர் இல்லாத நிலையும் தொடரும். மாநிலத் தேர்தல் ஆணையம் மறுபடி தேதி குறிக்கும், மறுபடி அதே கதை நடக்கும். நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று.

தலைவர் பதவி மட்டும் ஏன் இவ்வளவு உறுத்தியது? ஊராட்சியின் செயல் அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. காசோலையில் அவர் கையெழுத்து வேண்டும். கிராம சபைக்கு அவரே தலைமை. ஊர் மரியாதையும் கோயில் முதல் மரியாதையும் சாதி வரிசைப்படி நடக்கும் இடத்தில், அவர் முன் எழுந்து நிற்பதா என்ற கேள்வி பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. தலித்துகளில் பலர் பெரும்பான்மைச் சாதியினரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஊரைப் பகைத்தால் மறுநாள் வேலை இல்லை. சில நூறு வாக்குகளே உள்ள பெட்டியில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊகிப்பதும் கடினமன்று. ரகசிய வாக்கு என்பது அங்கே பாதி ரகசியம்தான்.

உயிருக்கும் உத்தரவாதம் இருக்கவில்லை. மேலூர் வட்டம் மேலவளவும் அப்போது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியாக இருந்தது. அங்கே எதிர்ப்பை மீறித் தலைவரான முருகேசன் உட்பட 6 பேர் 1997 ஜூன் 30-இல் ஓடும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் மற்ற ஊர்களில் மனுத் தாக்கல் செய்ய எவரும் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

2001 தேர்தலும் நிலைமையை மாற்றவில்லை. இடதுசாரிக் கட்சிகளும் தலித் அமைப்புகளும் பிரச்சினையை விடாமல் எழுப்பிவந்தன. 2006 மே மாதம் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் அரசு அணுகுமுறையை மாற்றியது. காவல் பாதுகாப்போடு நிறுத்திக்கொள்ளாமல், மதுரை ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர்ப் பெரியவர்களுடன் நேரில் பேசினார். 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தனர். முதல்வர் மு. கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தி அவர்களைப் பாராட்டினார். ஊர் கூடி எடுத்த முடிவால் நின்றுபோயிருந்த தேர்தல், ஊர் இசைந்ததால் நடந்தது. இதைச் சட்டத்தின் வெற்றி என்பதைவிடச் சமரசத்தின் விளைவு என்பதே பொருந்தும். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி இருந்தது; துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தலைவர் தலித்தாக இருந்தாலும் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பது ஊரின் பெரும்பான்மையைப் பொறுத்தே அமைந்தது.