அப்பாவின் நாற்காலியும் வாகைமரக் கூம்பும்

எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அப்பா 1974-ல் செய்தார். முக்கால் அங்குல பிளைவுட், விளிம்புக்குத் தேக்குச் சட்டம், முகத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் துணி. தெருக்கோடி ஆசாரி அறுத்துக் கொடுக்க, ஏஜி ஆபீஸ் லீவு நாட்களில் அப்பா பசை தடவி இறுக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் பன்னிரண்டு அங்குலக் காகித கோன் ஸ்பீக்கர் ஒன்று, அதற்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு ட்வீட்டர், ட்வீட்டருக்குப் போகும் வயரில் 4 எம்எஃப்டி கண்டென்சர் ஒன்று. அவ்வளவுதான்.

பெட்டிகளுக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதில் அப்பா மட்டும்தான் உட்காருவார். பிள்ளைகள் நாங்கள் சுவரோரம் பாயில். அம்மா சமையலறை வாசலில், கையில் ஏதாவது வேலையோடு. எங்களுக்கெல்லாம் மிருதங்கம் நன்றாகக் கேட்கும். பாட்டு மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். ராகம் தெரியும், சாகித்யம் தெரியாது. "இவருக்கு மட்டும் எப்படித்தான் வார்த்தை காதுல விழறதோ" என்பாள் அம்மா.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி 2020-ல் ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதில் கண்டென்சரில் இருந்தது. எட்டு ஓம் ட்வீட்டருக்கு 4 எம்எஃப்டி போட்டால் அது ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வாயைத் திறக்கும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பெரிய கோனின் பொறுப்பு. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. கோனின் குறுக்களவோ முப்பது. தன் அளவைவிடச் சிறிய அலையை அனுப்பும் கோன், டார்ச் விளக்கு மாதிரி நேராக மட்டுமே அனுப்பும். பேச்சில் ஒரு மெய்யெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1,000-க்கும் 4,000-க்கும் நடுவே இருக்கின்றன. அந்த வெளிச்சம் முழுவதும் நாற்காலியின் மேல் விழுந்தது. சமையலறை வாசல் இருட்டில் இருந்தது.

ஒரு கருவி யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்பதில்லை என்று பார்த்துக்கொண்டே போனால், இந்த ஊரில் ஒலிபெருக்கி வந்த கதை வேறு மாதிரி தெரிகிறது.

கூம்புதான் முதலில். மின்சாரத்துக்கு வெகு காலம் முன்பே எக்காளமும் கொம்பும் நம்மிடம் இருந்தன. நாகஸ்வரத்தின் கீழ்முனையில் விரிகிறதே அணசு, அதுவும் கூம்புதான். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் குழலைக் கடைந்து, அணசை வாகை மரத்தில் கடைகிறார்கள். குழலுக்குள் இறுக்கமாக இருக்கும் சிறு காற்றை வெளியே உள்ள பெருங்காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுவதே கூம்பின் வேலை. திடீரென்று முடிகிற குழாயில் ஒலியின் பெரும்பகுதி முட்டித் திரும்பிவிடும். விரிகிற குழாயில் வெளியேறிவிடும். பங்குனித் திருவிழாவில் கபாலீஸ்வரர் மாடவீதி முழுக்க நாயனம் கேட்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே அங்கே இல்லை.

கிராமபோனும் கூம்பை வைத்துத்தான் பாடியது. மின்சாரம் இல்லாமல், ஊசியின் நடுக்கத்தை ஒரு கூடம் முழுக்கக் கேட்கும்படி செய்தது அதுதான். முப்பதுகளில் மவுண்ட் ரோடில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் இசைத்தட்டுகளை விற்றது, ஏவி.மெய்யப்பச் செட்டியார் அதில் பங்குதாரராக இருந்து பிறகு படத்துக்கு வந்தவர். மின்சாரம் வந்த பின்னும் கூம்பு போகவில்லை. 1915-ல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிடமும் காந்தத்துக்கு நடுவே ஆடும் கம்பிச்சுருளைக் கிராமபோன் கூம்பில் மாட்டியதுதான் மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கி. சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய ரேடியோ கிளப் 1924-ல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-ல் நின்றது. அந்தக் கருவியை வாங்கி 1930 ஏப்ரலில் மாநகராட்சி ஒலிபரப்பைத் திரும்பத் தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் மணலில் உட்கார்ந்து சாயங்காலப் பாட்டைக் கேட்டார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை இந்த ஊருக்கு அதுதான் வானொலி. ஒரு மாநகராட்சி தன் ஜனங்களுக்குப் பாட்டு வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

கச்சேரி மேடைக்கு மைக் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன் பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் குரலை மேலே தூக்க வேண்டும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஐந்து கட்டையில் பாடினார்கள் என்று இன்றும் சொல்கிறோமே, அது திறமை மட்டுமல்ல, கொட்டகையின் கட்டாயமும்கூட. மைக் வந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதனால்தான் பின்னாளில் எம்.டி.ராமநாதன் போன்ற ஒருவர், அடையாறு கலாக்ஷேத்திராவில் பாடம் சொல்லிக்கொண்டு, மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமே இல்லாமல் பாட முடிந்தது. அப்பாவுக்கு அவர் மேல் அளவில்லாத பக்தி. வானொலியிலிருந்து ஸ்பூல் டேப்பில் பிடித்த அவருடைய கச்சேரிகள் எங்கள் வீட்டில் பூஜை அறைக்கு அடுத்த மரியாதையோடு இருந்தன.

வீட்டுக்குள் கூம்பு நிலைக்காததற்குக் காரணம் அளவு. கூம்பு சரியாக வேலை செய்ய அதன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு அலைநீளம் இருக்க வேண்டும். ஒரு கட்டை ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், அலைநீளம் 2.6 மீட்டர். அப்படியானால் கூம்பின் வாய்க்குக் குறுக்களவு 83 சென்டிமீட்டர், கழுத்தோ அதைவிட நீளம். மயிலாப்பூர் சந்து வீட்டில் அதை எங்கே வைப்பது? 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைஸ், கெல்லாக் இருவரும் காட்டிய காகித கோன் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும், ஆனாலும் அடங்கியது. அன்றிலிருந்து கூம்பு வீதிக்கும் தியேட்டருக்கும், கோன் வீட்டுக்கும் என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

அப்பா தலைமுறை ஏன் தானே பெட்டி செய்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஸ்பீக்கர் என்றால் லைசென்ஸ், சுங்கம். பிலிப்ஸ், எச்எம்வி செட்டுகள் இருந்தன, 1970-ல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் வந்தது. குமாஸ்தா சம்பளத்துக்கு அவை எட்டாது. ரிச்சி தெருவில் ஸ்பீக்கரை உதிரியாக வாங்கலாம். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கிளறலாம். 1985-ல் அது எரிந்தபோது அப்பா சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் இருக்கிறது. 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக வந்த பர்மா பஜாரில் கேசட் டெக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரை அசெம்பிள் செய்துகொடுக்க தி.நகரில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். இப்படித்தான் அந்தக் காலத்து வீட்டு செட் உருவானது. பெட்டி நிரந்தரம், உள்ளே இருப்பது கையில் காசு சேரும்போது மாறும்.

எங்கள் பெட்டிகளில் முதல் மாற்றம் தம்பி செய்தது. 'ப்ரியா' படத்துப் பாட்டு 1978-ல் ஸ்டீரியோவில் வந்து எல்லோரையும் கிறங்க வைத்த பிறகு, அவனுக்கு இடதும் வலதும் துல்லியமாகப் பிரிந்தாக வேண்டும். பழைய ட்வீட்டரைக் கழற்றிவிட்டு பீசோ ட்வீட்டர் மாட்டினான். கறுப்பு பிளாஸ்டிக்கில் குட்டிக் கூம்பு. ஜால்ரா பளபளத்தது. ஆனால் பீசோவும் மேல்மாடியில் மட்டும்தான் பேசும். 1,000-க்கும் 4,000-க்கும் நடுவே, நாற்காலிக்கு வெளியே விழுந்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

இதற்குள் கூம்பின் பெயர் கெட்டுப்போயிருந்தது. ஆடி மாதம் விடியற்காலை நாலு மணிக்குக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி அலறினால் யாருக்குத்தான் கோபம் வராது? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. அது நியாயமான விதி. ஆனால் அலறல் கூம்பின் குணம் என்று முடிவுகட்டியது அநியாயம். மைக் செட்காரர்களின் குழாய், தூரத்துக்குச் சேதி சொல்ல மடித்துச் செய்தது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குக் குரல் இல்லை. ஆதார ஷட்ஜமே அதற்குள் நுழையாது. அதற்கு மேல் ஆம்ப்ளிஃபயரின் கழுத்தை நெரித்து ஓட்டினால் அந்தக் கத்தல்தான் வரும். குழாய் அலறிய அதே காலத்தில் தியேட்டர் திரைக்குப் பின்னால் பெரிய கூம்புகள் சிவாஜியின் கிசுகிசுப்பைக் கடைசி பெஞ்சு வரை கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அதை யாரும் கூம்பின் கணக்கில் எழுதவில்லை. தொண்ணூறுகளில் டால்பியும் டிடிஎஸ்ஸும் வந்தபோது திரைக்குப் பின்னால் இருந்தவை மாறின. எங்கள் பக்கத்துக் கபாலி, காமதேனு தியேட்டர்களும் காலப்போக்கில் மூடிவிட்டன.

அப்பா 2003-ல் போனார். பெட்டிகள் தம்பியோடு கோட்டூர்புரம் போயின. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரையேறி வந்து வீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். புதிதாக வாங்கியிருந்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அப்பாவின் பெட்டிகள் சேறு பூசிக்கொண்டு நின்றன. ஒரு மூட்டுகூட விடவில்லை. கோன்கள் கூழாகியிருந்தன. கழுவி எங்கள் மொட்டைமாடி அறையில் காய வைத்தோம். ஐந்து வருஷம் காய்ந்தன.

2021-ல் ஸ்பீக்கர் கூடுகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு மவுண்ட் ரோடு பக்கம் கோன் மாற்றுகிறவரிடம் போனேன். துருவைச் சுரண்டிவிட்டு, ஒரு ஆணியைக் கிட்டே கொண்டுபோய்க் காந்தத்தைச் சோதித்தார். "உசுரு இருக்குதும்மா" என்றார். புதுக் கம்பிச்சுருளை இடுக்கில் இறக்கி, அது நடுவில் நிற்பதற்காகப் பழைய போட்டோ நெகட்டிவைப் பட்டைப் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் சொருகினார். யாரோ ஒரு கல்யாணத்து நெகட்டிவ். மாலை போட்ட கழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. ஸ்பைடரையும் கோனையும் ஒட்டி, பசை காய்ந்ததும் நெகட்டிவை ஒவ்வொன்றாக உருவினார். கோனை இரண்டு கையாலும் அமுக்கிக் காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. விளிம்புக்கு ஃபோம் வேண்டாம், துணி போடச் சொன்னேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் சில வருஷத்தில் பொடியாகிவிடும்.

பள்ளத்தை நிரப்பக் கூம்பு வைப்பது என்று அதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன். ரிச்சி தெருவில் மேடை ஸ்பீக்கருக்கென்று விற்கிற கம்ப்ரெஷன் டிரைவர் இரண்டு வாங்கினேன். ஒரு அங்குல வாய், டைட்டானிய டயாஃப்ரம். கூம்புக்குக் கணக்குப் போட்டு, வாய் 22 சென்டிமீட்டர் வருகிற வளைவைக் காலண்டர் அட்டையில் வெட்டி, ராயப்பேட்டையில் மரக் கடைசல் செய்கிறவரிடம் கொடுத்தேன். என்ன மரம் என்று கேட்டார். வாகை என்றேன். கட்டில் கால் கடைகிறவருக்கு ஆச்சரியம். நாயனத்து அணசு என்று சொன்னதும் புரிந்துகொண்டார். அதற்கப்புறம் அட்டையை என் கையில் இருந்து வாங்கித் தானே நூல் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

1,650 ஹெர்ட்ஸில் பிரிக்கிறபடி 8.2 எம்எஃப்டி கண்டென்சர்களும் 1.1 மில்லிஹென்றி சுருள்களும் சேர்த்துக் கட்டினேன். அதே ஒரு வாட்டுக்கு டிரைவர் கோனைவிட 13 டெசிபல் கூடுதலாகப் பாடும், அதாவது இருபது மடங்கு சக்தி. அந்தக் கூடுதலை எல்-பேட் போட்டுக் குறைத்தேன். ஓட்டிப் பார்த்தால் தம்புராவின் நடுவே ஒரு ஓட்டை. மேலே நாதம் இருக்கிறது, கீழே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே யாரோ விரலால் துடைத்த மாதிரி காணோம். ஒரு நாள் முழுக்க மண்டையைக் குடைந்தேன். இந்த வகைப் பிரிப்பில் இரண்டு ஸ்பீக்கரும் பிரியும் இடத்தில் எதிரெதிராகத் தள்ளும் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். டிரைவரின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். ஓட்டை மூடிக்கொண்டது.

அப்பா பிடித்த எம்.டி.ராமநாதன் டேப்பைத்தான் முதலில் போட்டோம். நாற்காலியில் நான் உட்காரவில்லை. கூடத்தில் நடந்துகொண்டே கேட்டேன். ஜன்னலோரம், பாய் போடும் இடம், நடைவழி. எங்கே நின்றாலும் வார்த்தை வந்தது. அம்மாவுக்கு அப்போது 84. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சரணம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "திரும்பப் போடுடி அந்த இடத்தை" என்றாள். போட்டேன். "இதுவா வார்த்தை? நாப்பது வருஷமா நான் வேற என்னவோ பாடிண்டிருக்கேனே." அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஒரு வரியைத் திருத்தித் திருத்திப் பாடிக்கொண்டிருந்தாள்.

போன சித்திரை வெயிலில் இடது கூம்பின் உதட்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. வாகை அப்படித்தான், காய்ந்துகொண்டே இருக்கும் என்றார் கடைசல்காரர். தேன்மெழுகை உருக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்பக்கமாகத் தடவச் சொன்னார். மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறான், பெட்டியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.