குடிசைக்குக் கீழே யாருடைய மண்?

அரியலூரைத் தாண்டி ரெட்டிபாளையம் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலையும் கண்ணில் படாமல் போகாது. அடியில் கிடக்கும் கல்லுக்காக விலைபோன வானம் பார்த்த பூமி அது. நிலம் இப்படிக் கைமாறும் எந்த ஊரிலும் பட்டா வைத்திருப்பவருக்குப் பேரம் பேச ஒரு வழி இருக்கும். அடுத்தவர் காட்டில் காலமெல்லாம் பாடுபட்ட கூலிக்காரருக்கு அதுவும் கிடையாது. வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கிராமங்களுக்கு வந்த பாதிரிமார் ஒரு கட்டத்தில் இந்த உண்மையில்தான் முட்டிக்கொண்டார்கள். அது நடந்தது 130 ஆண்டுகளுக்கு முன், செங்கல்பட்டு ஜில்லாவில்.

தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைத் தின்றது. அரசாங்கத்தின் கஞ்சித் தொட்டிகளோடு மிஷன்களும் தங்களால் ஆனதைச் செய்தன. அனாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தன. பஞ்சம் போன பிறகு சேரி சேரியாக மக்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்று அன்றைக்கும் ஏளனம் பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். வந்தவர்கள் பாதிரிமாரிடம் கொண்டு வந்த வழக்குகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. கடன் பத்திரம், மனை, தரிசு நிலத்துக்குப் போட்டுத் தள்ளுபடியான மனு என்று எல்லாமே மண்ணைச் சுற்றிய வழக்குகள்.

செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். திருவள்ளூரில் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் வில்லியம் கௌடி. ஏழை எளியவருக்கு இரங்குவதற்கு அவர்களுக்குப் பாடம் தேவைப்படவில்லை. ஏழ்மை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைச் சேரிமக்கள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அது உண்டான விதம் இதுதான். படியாளாக இருந்த ஒருவர் வீட்டில் ஒரு கல்யாணம் வரும். மிராசுதாரிடம் பத்தோ இருபதோ ரூபாய் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கைநாட்டு வைப்பார். கடன் தீரும்வரை உழைப்பு மிராசுதாருக்கே என்பது நிபந்தனை. கூலியாக அளக்கும் தானியம் வயிற்றுக்கே எட்டாதபோது கடன் எப்படித் தீரும்? அப்பன் வாங்கியதை மகன் சுமப்பான். அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று 1843-லேயே அறிவித்தாயிற்று. அடிமை வியாபாரத்தை இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமாகவும் ஆக்கிவிட்டது. பத்திரம் மட்டும் பெட்டியில் பத்திரமாகவே இருந்தது.

சரி, சர்க்கார் தரிசில் ஒரு துண்டு கேட்டு விவசாயம் செய்யலாமே என்றால் அதற்குத் தரக்காஸ்து கொடுக்க வேண்டும். ஊர் நிலத்தின் மேல் மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழையின் மனு செத்துவிடும். எல்லாவற்றையும்விடக் கொடியது மனை. சேரியில் குடிசை நின்ற மண்ணே பல ஊர்களில் மிராசுதாருடையது. மனுப் போட்டவனை, பாதிரியிடம் போனவனை, வேறு ஊருக்கு வேலைக்குப் போக நினைத்தவனை மடக்க, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொன்னால் முடிந்தது. சேரியில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட மிஷன் இடம் தேடியபோதும் இதே சுவர்தான் குறுக்கே நின்றது.

ஆண்ட்ரூவும் கௌடியும் மனுக்கள் எழுதினார்கள், அதிகாரிகளை விடாமல் தட்டினார்கள். மிஷனரிகள் எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆத்துமா திருந்தினால் மற்றது தானாக வரும் என்று ஒதுங்கி நின்றவர்களும் நிறையப் பேர். ஆண்ட்ரூ அந்தப் பக்கம் சாயவில்லை. நிலமற்றவர்களைக் குடியேற்றி அவர் உருவாக்கிய மெல்ரோசாபுரம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே இன்றும் ஊராக நிற்கிறது.

அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்தவர் ஜே. எச். ஏ. டிரெமன்ஹீர். 1891-ல் பறையர்களின் நிலை பற்றி அவர் எழுதிய அறிக்கை, கடனையும் மனையையும் தரக்காஸ்தையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டியது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணைகள் அதன் தொடர்ச்சியாக வந்தன. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழங்கிவரும் கணக்கு.

இதைப் பாதிரிகளும் துரைகளும் தந்த தானமாக எழுதிவிட்டால் அது பெரிய அநியாயம். அதே 1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, தம் மக்களுக்குப் பள்ளியும் தரிசு நிலமும் கேட்டார் அயோத்திதாசப் பண்டிதர். இரட்டைமலை சீனிவாசன் 1891-லேயே பறையர் மகாஜன சபையைத் தொடங்கியிருந்தார்; 1893-ல் ‘பறையன்’ பத்திரிகையைக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் இருந்ததால்தான் கொடுக்க வேண்டிவந்தது.

கொடுத்தது கையில் நின்றதா? பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதையும் மீறி ஏராளமான நிலம் பறிபோனது. மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. பிறகு 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். அரசிடம் நியாயம் கேட்கும் திருச்சபைகள் தங்கள் வீட்டையும் பார்க்க வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் கட்டியவர்கள், ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ட கிறிஸ்தவர்கள். அந்தச் சுவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)