சிவப்பு அட்டையும் நடுப்பகல் நாடகமும்

1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'ஒன் லைஃப் டு லிவ்' என்ற நடுப்பகல் தொடருக்குள் கார்லா என்ற நடிகைப் பாத்திரம் நுழைந்தது. இத்தாலிய வம்சாவளி வெள்ளைக்காரி என்றே பார்த்தவர்கள் நம்பினார்கள். வெள்ளைக்கார டாக்டருக்கு நிச்சயிக்கப்பட்டவள், கறுப்பின டாக்டர் ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுத்தாள். இருவரும் முத்தமிட்ட காட்சிக்குக் கண்டனங்கள் குவிந்தன. டெக்ஸாஸில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்தியது. அந்த டாக்டர்களின் மருத்துவமனையில் துப்புரவுப் பணிகளைக் கவனிக்கும் சேடி என்ற கறுப்பினப் பெண்மணி அவளைக் கண்டு "கிளாரா!" என்றழைத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. சேடி அவளைப் பெற்ற தாய்.

கதையை உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்ஸன். கார்லாவாக நடித்த எலன் ஹாலி, வெளிர்நிறம் கொண்ட கறுப்பினப் பெண். அதுவரை வெள்ளையர் வீட்டுக் கூடங்களிலேயே சுற்றி வந்த நடுப்பகல் தொடர்களில், பெற்றவளை மறைத்து வாழ்கிற வலியை மாதக்கணக்கில் சொன்ன துணிச்சல் பெரியது.

அதே 1968இல் மலேசியாவிலும் ஒரு நிறம் மனிதரின் கதியைத் தீர்மானித்தது. அது அடையாள அட்டையின் நிறம். குடியுரிமை உள்ளவருக்கு நீலம், இல்லாதவருக்குச் சிவப்பு. அவ்வாண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சிவப்பு அட்டைக்காரர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969க்குப் பின் அது இறுக்கமாக அமலானது. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில், பிறப்புப் பத்திரம் இல்லாமலும் குடியுரிமைக்கு மனுப்போட வேண்டுமென்று சொல்வார் இல்லாமலும் இருந்த தமிழர்களுக்கு அது பேரிடி. நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். கணவனுக்குச் சிவப்பு, மனைவிக்கு நீலம் என்றிருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

இதைவிட ஒரு தொடருக்கு என்ன கரு வேண்டும்? தோட்டத்து மக்களுக்குப் பார்க்க நேரமும் இருந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, மரம் சீவி, மங்கு எனும் கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினால் பகல் சாப்பாட்டு வேளை. ஆனால் அந்த வேளைக்குத் துணை வானொலிதான். 1963 டிசம்பர் 28இல் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி, நான்கு மொழிகளையும் ஒரே அலைவரிசையில் அடக்க வேண்டியிருந்தது. இரண்டாவது அலைவரிசை வந்ததே 1969 நவம்பரில். தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்.

1996இல் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி, வானவில் என்ற தமிழ் அலைவரிசையைக் கொண்டு வந்தது. பிறகு சன் டிவியும் சேர்ந்தது. ஈப்போவின் புந்தோங்கில் வரவேற்பறைகள் சென்னைக் குடும்பங்களின் சண்டையாலும் சமாதானத்தாலும் நிறைந்தன. 'சித்தி', 'மெட்டி ஒலி' தொடர்களுக்கு அழுதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மொழி நம்முடையது, அழுகையும் நம்முடையது. லயமும் அட்டையும் மட்டும் அவற்றில் இல்லை. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புகளாகியும், பால்வெட்டிய குடும்பங்கள் பட்டண ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தன.

அந்தத் தள்ளப்பட்ட வாழ்க்கை, 2015 டிசம்பரில் வெளியான 'ஜகாட்' படத்தில் வந்தது. இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள். 1990களின் தொடக்கத்தில், படிக்கச் சொல்லும் அப்பாவுக்கும் குண்டர் கும்பலில் திரியும் உறவினருக்கும் நடுவே வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். மலாய்க் கலைஞர்களே முன்னின்று எதிர்த்தார்கள். ஏற்பாடு மாறியது, சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' விருது பெற்றது.

சிவப்பு அட்டைத் தொடர் இன்னும் எழுதப்பட வேண்டும். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள். எழுதுகிறவர்கள் அவர்களிடம் இந்த வருடமே போய் உட்கார வேண்டும்.