'வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கு?' நோயாளியிடம் கேட்கும் கேள்வியைத் தமிழாக்குவது ஏன் அவ்வளவு கஷ்டம்?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில், நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவர்களிடம் சில சமயம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்காது. நல்லா தூக்கம் வருதா, வலியால் அன்றாட வேலை தடைபடுதா, உறவுக்காரங்க துணையா இருக்காங்களா என்று கேள்விகள் போகும்.

இதற்குப் பெயர் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள். கட்டி சுருங்கியதா என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். ஆனால் அந்த மருந்தால் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரா, எழுந்து நடமாடுகிறாரா என்பதை அவரிடம்தானே கேட்க வேண்டும்? இரண்டு மருந்துகளில் எது மேல் என்று முடிவெடுக்கும்போது இந்தப் பதில்களும் கணக்கில் வருகின்றன. கேள்வியின் தமிழ் தப்பாக இருந்தால், கணக்கும் தப்பும்.

சென்னைக்கும் பங்கு உண்டு

இந்த வகையில் பிரபலமானது உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹூகால்' கேள்வித்தாள். 1990-களில் உலகம் முழுக்க 15 மையங்கள் சேர்ந்து உருவாக்கிய இதில் இந்தியாவிலிருந்து டெல்லியும் சென்னையும் இடம்பெற்றன. முதலில் 100 கேள்விகள். பிறகு அதைச் சுருக்கி 26 கேள்விகள் கொண்ட 'ஹூகால்-பிரெஃப்' வந்தது. உடல், மனம், உறவுகள், சுற்றுப்புறம் என நான்கு பிரிவுகள், ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். புதுச்சேரி நகர்ப்புற முதியோரிடம் இதை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது.

சிக்கல் எங்கே?

தலைப்பிலேயே ஆரம்பிக்கிறது. 'வாழ்க்கைத் தரம்' என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மாடி வீடு, பைக், சம்பளம். "எங்களுக்கு என்னப்பா தரம், வாடகை வீடு" என்று ஒரு பாட்டி பதில் சொன்னால், அவர் கேள்வியைத் தமிழில் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். கேட்க நினைத்தது வேறு, கேட்டது வேறு.

'சோர்வு' இன்னொரு வில்லங்கமான வார்த்தை. உடம்பு அசந்துபோவதும் சோர்வு, மனசு விட்டுப்போவதும் சோர்வு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி கேள்வி இருக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டால், கீமோ முடிந்து களைத்துக் கிடப்பவர் மனநோயாளியாகப் பதிவாகலாம். அசதி, களைப்பு என்று பேச்சு வழக்குச் சொல்லைப் போட்டாலே பாதி பிரச்சினை தீரும். ஆங்கிலத்தில் மனச்சோர்வை நீல நிறமாகச் சொல்வார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

'எஸ்.எஃப்-36' என்ற அமெரிக்கக் கேள்வித்தாள், வேக்கம் கிளீனர் தள்ள முடிகிறதா, கோல்ஃப் ஆட முடிகிறதா என்று கேட்கிறது. பாகூர் பக்கத்து விவசாயியிடம் இதைக் கேட்டு என்ன பயன்? அதே அளவு உடல் உழைப்பு தேவைப்படும் நம்ம ஊர் வேலை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். வாளியில் தண்ணீர் தூக்குவதா, வீடு பெருக்குவதா? இதில் அளவு மாறினால் மதிப்பெண் மாறிவிடும்.

எல்லாவற்றையும் விடத் தர்மசங்கடமானது தாம்பத்திய உறவு பற்றிய கேள்வி. பக்கத்தில் மருமகள் நிற்க, எதிரே பேரன் வயதில் ஒரு மாணவர் கேட்க, எந்தப் பாட்டி பதில் சொல்வார்? பலரும் பதில் சொல்லாமல் விட்டுவிடும் கேள்வி இது. எடுத்துவிடலாம் என்றால், உறவுகள் பிரிவில் மொத்தமே 3 கேள்விகள்தான். ஒன்று போனால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது. தனியறையில், அதே பாலினத்தவர் கேட்பதுதான் இதற்கு நடைமுறை வழி. மொழிபெயர்ப்பால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

எப்படி மொழிபெயர்க்கிறார்கள்?

புற்றுநோயாளிகளுக்கான 30 கேள்விகள் கொண்ட ஐரோப்பியக் கேள்வித்தாள் 'கியூ.எல்.கியூ-சி30'. அதற்கான முறையைப் பார்த்தால் புரியும். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். மூலத்தோடு எங்கே இடிக்கிறதோ அங்கே திருத்தம். பிறகு சில நோயாளிகளிடம் கொடுத்து, "இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பார்கள். மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் முக்கியம். பேராசிரியர்கள் கண்ணில் படாத தவறு, வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளி வாயில் வந்துவிடும்.

அடுத்தது எண் சோதனை. உடல்நிலை மாறாத ஒருவரிடம் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் கிட்டத்தட்ட அதே பதில் வர வேண்டும். நோய் முற்றியவருக்கும் லேசாக இருப்பவருக்கும் மதிப்பெண் வேறுபட வேண்டும். ஒரே பிரிவின் கேள்விகள் ஒத்துப்போகின்றனவா என்பதை 'கிரோன்பாக் ஆல்ஃபா' காட்டும். 0.7-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் ஆல்ஃபா நன்றாக இருப்பதாலேயே தமிழ் சரி என்று ஆகிவிடாது. எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டாலும் அந்த எண் அழகாகவே வரும்!

எந்தத் தமிழ்?

போர்ச்சுகீசிய மொழியில் ஹூகால்-பிரெஃப் பிரேசிலுக்கு ஒன்று, போர்ச்சுகலுக்கு ஒன்று எனத் தனித்தனியாக உருவானது. யாழ்ப்பாணத் தமிழும் புதுச்சேரித் தமிழும் இதே நிலைதான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. அங்கிருந்து வருபவரிடம் தமிழ்ப் படிவத்தை நீட்ட முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது வாசிப்பவர் தன் பாணியில் "நல்லாதானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால், அத்தனை உழைப்பும் வீண்.

உங்களிடம் இந்தப் படிவம் வந்தால்?

டாக்டர் வருத்தப்படுவாரோ என்று 'நல்லா இருக்கு' பக்கம் டிக் அடிக்க வேண்டாம். 'கடந்த ஒரு வாரம்', 'கடந்த இரண்டு வாரம்' என்று காலம் போட்டிருக்கும். அந்த நாட்களை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள். ஆய்வுக்கான படிவம் என்றால் கலந்துகொள்ள மறுக்கலாம், அதனால் சிகிச்சை பாதிக்கக் கூடாது என்பது விதி. ஒரு கேள்வி புரியவில்லை என்றால், புரியவில்லை என்றே சொல்லிவிடுங்கள்; அதையும் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.